தாத்தாவோட பிஸ்கட் டின்ல ஒரு பீரங்கி பேட்ஜ், இது எந்தப் படை? யாருக்காச்சும் தெரியுமா?

செந்தூல்_பையன்

வணக்கம் எல்லாருக்கும். போன வாரம் அம்மா வீட்டு ஸ்டோர் ரூம் கிளீன் பண்ணும்போது தாத்தாவோட பழைய பிஸ்கட் டின் ஒன்னு கெடச்சது. உள்ள அவரோட பழைய ஐசி (அடையாள அட்டை), அறுந்து போன வாட்ச் வார் ஒன்னு, அப்பறம் இந்த பேட்ஜ். பித்தளை, தீப்பெட்டியவிட கொஞ்சம் பெருசு. உச்சியில கிரீடம், நடுவுல பழைய காலத்து பீரங்கி, அதுல பெரிய சக்கரம் ஒன்னு, அந்தச் சக்கரம் மட்டும் விரலால தள்ளுனா சுத்துது!! பீரங்கிக்கு மேல ஒரு பட்டையில உபிக்வே, கீழ குவோ ஃபாஸ் எட் குளோரியா டுகுண்ட்னு எழுதியிருக்கு, வாய்ல நுழையல.

தாத்தா சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு. எங்க வீட்டுல சொல்ற கதை என்னன்னா, ஜப்பான்காரன் வந்தப்ப வெள்ளைக்கார சோல்ஜர் ஓடும்போது போட்டுட்டுப் போனது, லொங்காங்ல (சாக்கடையில) கெடந்து தாத்தா எடுத்தாருன்னு. பாட்டி வேற சொல்லுவாங்க, ராத்திரி பூரா தொம் தொம்னு பீரங்கி சத்தம், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தகரம் அதிரும், புள்ளைங்க எல்லாம் கட்டிலுக்கு அடியில படுத்துக்கும்னு.

தேடிப் பாத்தேன், 1942 ஜனவரி 7 சிலிம் ரிவர் சண்டைன்னு வருது, 155னு ஒரு பீரங்கிப் படை பேரு வருது. ஒரு எடத்துல பிரிகேட்ங்கறான், இன்னொரு எடத்துல ரெஜிமென்ட்ங்கறான். என் சந்தேகம் ரெண்டு. மத்த படைங்க கொடியில எல்லாம் எங்கெங்க சண்டை போட்டாங்கன்னு ஊர் பேரா எழுதி வச்சிருக்கான், இதுல ஏன் ஒரு ஊர் பேரு கூட இல்ல? ரெண்டாவது, இது அந்த 155 ஆளோடதா இருக்குமா?

ரோட்டிபோம்

சக்கரம் சுத்துதா? அப்ப ரோட் டேக்ஸ் எடுத்துருங்க பாஸ்

பழைய_கன்னர்

தம்பி, நான் நம்ம நாட்டு ஆர்டிலெரியில 22 வருஷம் இருந்துட்டு பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருக்கேன், இதுக்கு நான் பதில் சொல்லலேன்னா வேற யாரு சொல்றது.

அது ராயல் ஆர்டிலெரி பேட்ஜ், பிரிட்டிஷ் பீரங்கிப் படை. சக்கரம் சுத்துற மாதிரி சில பேட்ஜ் செஞ்சாங்க, எல்லாத்துலயும் சுத்தாது, உங்களுக்கு லக்கு.

ஊர் பேரு இல்லாததுக்கு காரணம் இருக்கு. காலாட்படைக்கு கொடி உண்டு, ஜெயிச்ச சண்டை பேரெல்லாம் அதுல நூல்ல தச்சு வச்சிருப்பாங்க, அந்தக் கொடிய எதிரி புடிச்சிட்டான்னா மானமே போச்சு. பீரங்கிப் படைக்கு அந்த மாதிரி கொடியே கெடையாது. பீரங்கிதான் கொடி. பரேட்ல பீரங்கி போகும்போது கொடிக்கு குடுக்கற மரியாதைய அதுக்குத்தான் குடுக்கணும். நான் ரெக்ரூட்டா இருந்தப்ப என் பேட்ச்ல ஒருத்தன் தேத்தண்ணி மக்க கொண்டு போய் 105 பேக் ஹவிட்சர்ங்கற பீரங்கி மேல வச்சான், சார்ஜன் பாத்துட்டாரு, மத்தியானம் சாப்பாட்டு நேரம் பூரா அந்த மெரியாமுக்கு (பீரங்கிக்கு) சல்யூட் அடிச்சிக்கிட்டே வெயில்ல நிக்க வச்சாரு. நாங்க எல்லாம் சோறு தின்னுக்கிட்டே வேடிக்கை பாத்தோம்.

உபிக்வேன்னா லத்தீன்ல 'எங்கும்'. 1830கள்ல நாலாம் வில்லியம் ராஜா குடுத்தது. பீரங்கி இல்லாம எந்தச் சண்டையும் நடக்கல, ஒவ்வொன்னா எழுத ஆரம்பிச்சா முடியாது, அதனால எல்லா ஊர் பேருக்கும் பதிலா இந்த ஒரே வார்த்தை. கீழ இருக்கறதுக்கு, நியாயமும் புகழும் எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்கன்னு அர்த்தம் வச்சுக்கலாம்.

ஆனா மொத்தப் படைக்கும் ஒரே வார்த்தைன்னு விட்டா தனித்தனியா சாதிச்சவனுக்கு என்ன மிச்சம்? அதுக்குத்தான் பிற்பாடு பேட்டரி பேட்டரியா (சில பீரங்கிங்க சேந்த பிரிவுதான் பேட்டரி) பட்டப் பேரு குடுத்தாங்க. எல் பேட்டரின்னு ஒன்னு, 1914 செப்டம்பர் 1, பிரான்ஸ்ல நெரிங்கற ஊர்ல காலையில பனிமூட்டத்துல மாட்டிக்கிச்சு. ஒவ்வொரு பீரங்கியா அடி வாங்கி கடைசியில ஒன்னே ஒன்னுதான் சுட்டுக்கிட்டிருந்தது. அந்த ஒரு காலையில மூனு பேருக்கு விக்டோரியா கிராஸ், பிரிட்டனோட உச்ச வீர விருது. இன்னைக்கும் அந்த பேட்டரி பேருல 'நெரி' ஒட்டிக்கிட்டு வருது. அந்த பீரங்கி லண்டன் மியூசியத்துல இருக்கு.

தைப்பிங்_மழை

கன்னர் அண்ணே சொன்னது சரி. பிரிகேட் ரெஜிமென்ட் குழப்பத்துக்கு நான் சொல்றேன். அந்தக் காலத்துல பிரிட்டிஷ் பீரங்கிப் படையில லெப்டினன்ட் கர்னல் ஒருத்தர் கீழ மூனு நாலு பேட்டரி சேந்து இருந்தா அதுக்குப் பேரு பிரிகேட். 1938ல அதையே ரெஜிமென்ட்னு மாத்திட்டாங்க. இப்ப பிரிகேட்னா பல ரெஜிமென்ட் சேந்தது, பிரிகேடியர் கீழ. அதனால பழைய பேப்பர்ல பிரிகேட்னு பாத்துட்டு ஆயிரக்கணக்குல ஆளுன்னு நெனச்சிடாதீங்க. 155க்கு முழுப் பேரு 155 (லனார்க்ஷயர் இயோமன்ரி) ஃபீல்ட் ரெஜிமென்ட். ஸ்காட்லாந்து ஆளுங்க, முன்ன குதிரைப் படையா இருந்தவங்க.

அவங்க கதை நம்ம ஊர்லதான் நடந்தது. 1941 டிசம்பர்ல ஜித்ராவுல அடி. அப்பறம் பின்வாங்கி பின்வாங்கி கம்பார். அங்க 88 ஃபீல்ட் ரெஜிமென்ட் 25 பவுண்டர் (25 பவுண்ட் குண்டு போடற பீரங்கி) வச்சு ரோட்டுப் பக்கம் முகட்டுல இருந்தவங்களுக்கு சப்போர்ட், 155 மலைக்கு அந்தப் பக்கம் சாஹூம்ல கூர்க்காவுக்கு சப்போர்ட். டிசம்பர் 30ல இருந்து ஜனவரி 2 வரைக்கும் ஜப்பான்காரன் நேரா வந்து உடைக்க முடியாம நின்னான், மலாயாவுல பிரிட்டிஷ்காரன் பீரங்கிய ஒழுங்கா உபயோகிச்ச எடம்னா எனக்குத் தெரிஞ்சு அதான். ஏன்னா அங்க ரப்பர் மரம் இல்ல, ஈயக் குட்டை, வெட்ட வெளி, முகட்டுல இருந்து பாத்தா குண்டு எங்க விழுதுன்னு தெரியும். தோட்டத்துக்குள்ள இருந்தா எதுவும் தெரியாது. கடைசியில ஜப்பான்காரன் கடல் வழியா பின்னாடி எறங்கிட்டான், கம்பார விட வேண்டியதாப் போச்சு.

கம்பார்ல அந்த முகடு ஒன்னு, கிரீன் ரிட்ஜ், நான் ரெண்டு தடவ ஏறியிருக்கேன், பதுங்குகுழி தடம் இன்னும் தெரியுது, கொசு மட்டும் ஒவ்வொன்னும் ஹெலிகாப்டர் சைஸ்.

அஞ்சே நாள்ல சிலிம் ரிவர். விடிகாலை மூன்றரை மணி வாக்குல நிலா வெளிச்சத்துல டாங்கி வரிசையா ரோட்டு மேலயே வந்துச்சு. பீரங்கி ஆளுங்க முக்காவாசிப் பேரு ரோட்டோரம் தோட்டத்துக்குள்ள வண்டிய விட்டுட்டு ஓய்வுல இருந்தாங்க, ஒரு குண்டு கூட சுடாமயே முடிஞ்சவங்க நெறைய. சிலிம் பாலத்துல ரெண்டு போஃபர்ஸ் விமான எதிர்ப்பு பீரங்கி இருந்துச்சு, சுட்டாங்க, 40 மில்லிமீட்டர் குண்டு டாங்கி மேல பட்டு தெறிச்சு ஓடுது. பாலமும் போச்சு. பாலத்தத் தாண்டி ரெண்டு மூனு மைல்ல ரோட்டுல வந்துக்கிட்டிருந்த 155 மேல டாங்கி மோதுது. அவசரத்துல ஒரே ஒரு 4.5 இஞ்ச் ஹவிட்சர ரோட்டு மேல திருப்பி வச்சு, 30 கெஜத்துல முதல் டாங்கிய அடிச்சாங்க. அதோட நின்னுச்சு. அதுவரைக்கும் ஏறக்குறைய 19 மைல் நிக்காம வந்த டாங்கி. அவங்க கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் மர்டாக் அன்னைக்கே செத்துட்டாரு. நாலு நாள்ல கோலாலம்பூர் விழுந்துச்சு.

ஆயர்_ஈத்தாம்_காரன்

வெள்ளைக்காரன் தோத்த கதைய இவ்ளோ பாசமா எழுதறீங்களே. பினாங்கு ஆளா ஒன்னு சொல்றேன். பத்து மாவுங்ல கடலப் பாத்து பீரங்கி வச்சு கோட்டை கட்டுனான். வந்தது வானத்துல இருந்து. டிசம்பர் 11, ஜார்ஜ்டவுன்ல குண்டு மழை, ஜனங்க பிளேனப் பாக்க ரோட்டுல வேடிக்கை நின்னாங்க, அப்படியே செத்தாங்க. 16ஆம் தேதி ராத்திரி வெள்ளைக்காரன் மட்டும் கப்பல் ஏறிட்டான், நம்மள விட்டுட்டு. பின்னாடி கோட்டை கார்ன்வாலிஸ்ல இன்னும் பிரிட்டிஷ் கொடி பறக்குது, அதப் பாத்து இன்னும் குண்டு போடுவானேன்னு போய் எறக்குனது யாரு? ஸ்ட்ரேய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து. யாழ்ப்பாணத் தமிழரு. கொடிதான் மானம்னா, அந்த மானத்த மடிச்சு வச்சது ஒரு தமிழன். அத எந்த பேட்ஜ்ல எழுதுவான்?

அதே கோட்டையில ஸ்ரீ ரம்பாய்னு ஒரு பீரங்கி இருக்கு, 1603ல வார்த்தது, டச்சுக்காரன் ஜொகூர் சுல்தானுக்குக் குடுத்தது. அதுக்குப் பூ வச்சா புள்ளை பொறக்கும்னு நம்பிக்கை. எனக்குத் தெரிஞ்சு உருப்படியான வேலை பாத்த ஒரே பீரங்கி அதான்.

ரோட்டிபோம்

ஆயர் ஈத்தாம் அண்ணே இன்னைக்கு கோபத்துல லக்சா கூட சாப்பிடல போல

தைப்பிங்_மழை

அண்ணே பினாங்கு விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, அது அவமானம்தான். ஆனா ஓடுனது மேல இருந்த தொரைங்க. சிலிம் ரிவர்ல அந்த ஹவிட்சர் பக்கத்துல நின்னவன் கிளாஸ்கோ பக்கத்துல சுரங்கத்துலயும் மில்லுலயும் வேலை செஞ்ச ஆளு. சிங்கப்பூர் விழுந்த அப்பறம் 155ல பல பேர தைவான்ல கின்கசெக்கி செப்புச் சுரங்கத்துக்கு அனுப்பி வேலை வாங்குனான். நம்ம தோட்டத்து ஆளுங்கள சயாம் ரயில் பாதை போடற வேலைக்கு இழுத்துட்டுப் போனான். ரெண்டு பக்கமும் திரும்பி வராதவன் நெறைய.

ஆயர்_ஈத்தாம்_காரன்

அது ஒத்துக்கறேன். ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது, இந்தக் கதையில நம்ம ஆளு எங்க? பீரங்கி பக்கத்துல தமிழன் நின்னானா இல்ல குண்டு தூக்குனானா?

பிஎம்_டீச்சரக்கா

நின்னான் தம்பி, ஆனா ரொம்ப நாள் நிக்க விடல. 1857 கலகத்துக்கு அப்பறம் இந்தியன் கையில பீரங்கி குடுக்கவே வெள்ளைக்காரனுக்கு பயம். மலைப் பீரங்கி பேட்டரி கொஞ்சத்த மட்டும் விட்டு வச்சான், சின்ன பீரங்கி, கழட்டி கோவேறு கழுதை மேல ஏத்திட்டுப் போறது. 3.7 இஞ்ச் ஹவிட்சர்னா எட்டு கழுதை வேணும். மத்ததெல்லாம் வெள்ளைக்காரன் கையில. 1941ல கோத்தா பாருவுல ஜப்பான்காரன் எறங்குனப்ப அங்க இந்திய மலைப் பீரங்கி பேட்டரி ஒன்னு இருந்துச்சு, ஜித்ராவுலயும் இருந்துச்சு, ஆனா அவங்க பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆளுங்க.

கலகத்துக்கு எழுபத்தி எட்டு வருஷம் கழிச்சு, 1935 ஜனவரி 15, பெங்களூர்ல 'ஏ' ஃபீல்ட் பிரிகேட்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. இந்தியன் கையில குடுத்த முதல் ஃபீல்ட் பீரங்கிப் படை. தைப்பிங்_மழை சொன்ன அர்த்தத்துல பிரிகேட். அதுல மதராஸி ஆளுங்க பேட்டரியும் இருந்துச்சு. மலாயாவுக்கு அவங்கள அனுப்பல, அதனால நம்ம ஊர் கதையில வரமாட்டாங்க.

ஆஃபீசர் வேணுமா? பி.பி. குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கத்து ஜமீன் குடும்பம், அப்பா சுப்பராயன் மெட்ராஸ் மாகாணத்துல முதல் மந்திரியா இருந்தவரு. 1942ல லிபியா பாலைவனத்துல பீர் ஹக்கீம் பக்கம் 2ஆம் இந்திய ஃபீல்ட் ரெஜிமென்ட்ல பேட்டரி கமாண்டர், இத்தாலி டாங்கி படை மேல வந்து விழுது, 25 பவுண்டர வச்சு நேருக்கு நேர் சுட்டாங்க. டிஎஸ்ஓங்கற வீர விருது குடுத்தாங்க, ஆனா ஆளு எதிரி கையில மாட்டிக்கிட்டாரு. இத்தாலியில சிறை, தப்பிச்சாரு, மறுபடி புடிச்சிட்டாங்க. அதே ஆளு 1966ல இருந்து 69 வரைக்கும் இந்திய ராணுவத்துக்கே தலைமைத் தளபதி.

பீரங்கிதான் கொடின்னு கன்னர் அண்ணே சொன்னாருல்ல, அதுக்கு நம்ம பக்கத்து உதாரணம் ஹவில்தார் உம்ராவ் சிங். பர்மா, கலடான் பள்ளத்தாக்கு, 1944 டிசம்பர் 15 ராத்திரி. ஜப்பான்காரன் திரும்பத் திரும்ப ஏறி வரான், தோட்டா தீந்து போச்சு, பீரங்கியத் தூக்க வச்சிருக்கற இரும்புத் தடிய எடுத்து அடிச்சாரு. விடிஞ்சு பாத்தா ஏழு பலத்த காயத்தோட மயங்கிக் கெடக்காரு, சுத்தி பத்து ஜப்பான்காரன் பொணம். பீரங்கிக்கு ஒன்னும் ஆகல, அன்னைக்கே மறுபடி சுட்டாங்க. விக்டோரியா கிராஸ். இப்ப இந்திய பீரங்கிப் படை பேட்ஜ்லயும் இதே பீரங்கிதான், கிரீடம் இருந்த எடத்துல நட்சத்திரம், உபிக்வே இருந்த எடத்துல சர்வத்ரா.

ஆயர்_ஈத்தாம்_காரன்

சரி அக்கா. வாய மூடிக்கறேன். இரும்புத் தடி கதை எனக்குத் தெரியாது.

பழைய_கன்னர்

செந்தூல் தம்பி, நேத்து ராத்திரி படுத்த அப்பறம் ஒன்னு உறுத்துச்சு. உங்க பாட்டி ராத்திரி பூரா தொம் தொம்னு சத்தம்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. தைப்பிங்_மழை எழுதுனதப் பாருங்க, சிலிம் ரிவர்ல பீரங்கி ராத்திரி பூரா சுடவே இல்ல, முக்காவாசி தூங்கிக்கிட்டு இருந்துச்சு. டாங்கி சத்தம், மெஷின் கன் சத்தம்னா சரி. ராத்திரி பூரா ஒரே தாளத்துல தொம் தொம்னா அது வேற மாதிரி வேலை.

ஒன்னு பண்ணுங்க. பேட்ஜ்ல கிரீடத்த நல்லா உத்துப் பாருங்க. மேல வளைவு வட்டமா, கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி இருக்கா, இல்ல நடுவுல பள்ளம் விழுந்து ரெண்டு பக்கமும் மேடா இருக்கா?

செந்தூல்_பையன்

ஃபோன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாத்தேன் அண்ணே. நடுவுல பள்ளம். நல்லாவே தெரியுது. ஏன்?

தைப்பிங்_மழை

ஐயோ.

பழைய_கன்னர்

வருத்தப்படாதீங்க தம்பி. வட்டமா இருந்தா ராஜா கிரீடம், பள்ளம் இருந்தா ராணி கிரீடம். எலிசபெத் ராணி முடிசூடுனது 1953. அதுக்கப்பறம்தான் பேட்ஜ் எல்லாம் மாத்துனாங்க. (இப்ப சார்லஸ் வந்து மறுபடி வட்டமா மாத்திட்டாரு, பழசுன்னு சொல்லி எவனாச்சும் வித்தா ஏமாறாதீங்க.) 1942ல இந்த பேட்ஜ் இருக்க வழியே இல்ல. உங்க தாத்தா டின்ல இருக்கறது அவசரகாலத்து பேட்ஜ், அதாவது 1948ல இருந்து 60 வரைக்கும் மலாயாவுல கம்யூனிஸ்ட் கூட நடந்த சண்டைக் காலம்.

அப்ப இங்க பிரிட்டிஷ் பீரங்கி ரெஜிமென்ட் நெறைய வந்து போச்சு, 25, 26, 48 ஃபீல்ட் ரெஜிமென்ட் எல்லாம். 25 பவுண்டர்தான், குண்டு 11 கிலோ சொச்சம், 12 கிலோமீட்டர் போகும். காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட் எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாது, அதனால ராத்திரி முழுக்க விட்டு விட்டு காட்டுல குண்டு போட்டுக்கிட்டே இருப்பாங்க, தூங்க விடாம, ஒரு பக்கம் அடிச்சா அடுத்த பக்கம் நகருவான், அங்க காலாட்படை காத்துக்கிட்டிருக்கும். எத்தனை பேரு செத்தான்னு கேட்டா ரொம்ப கொஞ்சம், மரம்தான் அதிகம் செத்துச்சு. ஆனா சத்தம் தோட்டத்து லயம் வரைக்கும் கேக்கும். உங்க பாட்டி சொன்ன தகரம் அதுக்குத்தான் அதிர்ந்திருக்கும்.

தைப்பிங்_மழை

சிலிம் ரிவருக்குப் பக்கத்துல தஞ்சோங் மாலிம் அப்ப படு மோசமான ஏரியா. 1952 மார்ச் 25, தண்ணிக் குழாய் ரிப்பேர் பண்ணப் போன கூட்டத்த மறைஞ்சு இருந்து சுட்டாங்க, 12 பேர் செத்தாங்க. அப்ப மலாயாவுக்கு பிரிட்டிஷ் ஹை கமிஷனரா இருந்த டெம்ப்ளர் வந்து ஊருக்கே 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசி ரேஷன கொறச்சாரு. செத்தவங்கள்ல ஒருத்தர் துணை டிஸ்ட்ரிக்ட் ஆஃபீசர் மைக்கேல் காட்னர், யாருன்னா, 1943ல ஜெர்மன் சிறையில மரக் குதிரைக்கு அடியில சுரங்கம் தோண்டித் தப்பிச்ச மூனு பேர்ல ஒருத்தர். அவரு அப்ப ராயல் ஆர்டிலெரி ஆஃபீசர். இதே பேட்ஜ், ராஜா கிரீடம். ஹிட்லர் கிட்ட இருந்து தப்பிச்சவரு தஞ்சோங் மாலிம்ல குழாய் பாக்கப் போய் செத்தாரு.

பிஎம்_டீச்சரக்கா

செந்தூல் தம்பி, கிரீடத்துக்கு முன்னாடியே நான் ஒன்னு கேட்டிருக்கணும். பாட்டி புள்ளைங்க எல்லாம் கட்டிலுக்கு அடியிலன்னு சொன்னாங்கள்ல. 1942ல உங்க பாட்டிக்கு எத்தனை புள்ளைங்க?

செந்தூல்_பையன்

அக்கா, நீங்க கேட்டதுக்கு அப்பறம் ரெண்டு நாள் நான் இங்க வரல, அம்மா கிட்ட உக்காந்து பேசிட்டு வரேன்.

1942ல ஒரு புள்ளையும் இல்ல. பெரிய மாமா 1946, அம்மா 1949. நான் இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட கூட்டிக் கழிச்சுப் பாக்கல. டின்ல தாத்தா ஐசி கூட இருக்கே, ஐசியே 1948ல தான குடுக்க ஆரம்பிச்சாங்க, அதையும் கையில வச்சுக்கிட்டே ஜப்பான்காரன் காலம்னு பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

அம்மா கிட்ட ஜப்பான்காரன் சண்டைதானன்னு கேட்டேன். யாருடா சொன்னா, பாட்டி சண்டைக் காலம்னுதான் சொல்லும், நீங்களா ஜப்பான்காரன்னு நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. கட்டிலுக்கு அடியில படுத்தது யாருன்னு கேட்டேன். "நான்தான்டா. நானும் மாமாவும். எனக்கு அஞ்சு வயசு இருக்கும், ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமா எண்ணும், எண்ணிக்கிட்டே தூங்கிடுவேன்."

லொங்காங் கதையும் போச்சு. தோட்டத்து பந்து தெடல்ல (மைதானத்துல) கூடாரம் போட்டிருந்தாங்களாம், சோல்ஜர் பையன் ஒருத்தன் வேலி ஓரம் நின்ன மாமாவுக்கு இத குடுத்திருக்கான், சக்கரம் சுத்துதுன்னு காட்டி. வீட்டுக்கு வந்து நீ சுத்து நான் சுத்துன்னு ரெண்டும் அடிச்சிக்கிட்டதுல தாத்தா புடுங்கி டின்ல போட்டு மேல அலமாரியில வச்சிட்டாரு.

பேட்ஜ அம்மா கையில குடுத்தேன். சக்கரத்த ரெண்டு தடவ சுத்திப் பாத்துட்டு, மாமாவுக்கு வாட்ஸ்அப்ல வீடியோ கால் போடச் சொன்னாங்க. எடுத்ததுமே மாமா, ஸ்கிரீன்ல பேட்ஜப் பாத்து, "அது என்னோடது"ங்கறாரு.